வாசிக்காத ‘கி’

ஸீஸீ டாப் என்று பேச்செடுத்தால் எவரும் முதலில் சொல்வது தாடி. அடுத்தது அந்தச் சிவப்பு ஃபோர்டு கார். மூன்றாவதாகத்தான் பில்லி கிப்பன்ஸின் கிடார் வரும். நான் பாட்டு மிக்ஸ் செய்து பிழைப்பவன். எனக்கு இந்த மூன்றையும்விட முக்கியம் ஃப்ராங்க் பியர்டின் ஸ்னேர் டிரம். அது ஒவ்வொரு இசைத்தட்டிலும் எந்த இடத்தில், எவ்வளவு எதிரொலி ஈரத்தோடு, எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். இந்தக் குழுவின் அரை நூற்றாண்டு ஒலிப்பதிவுக் கதை முழுக்க விளங்கிவிடும் என்பது என் கட்சி.

டெக்ஸஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1969-இல் தொடங்கிய குழு இது. கிப்பன்ஸ் கிடார், டஸ்டி ஹில் பேஸ், பியர்ட் டிரம்ஸ் என்று மூவரும் ஒன்றுசேர்ந்த பிறகு, 2021 ஜூலையில் ஹில் இறந்துபோகும்வரை ஆள் மாறவில்லை. ராக் உலகத்தில் இது அபூர்வமான விஷயம். ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் 15. அவற்றில் பாதியை நான் புது ஸ்பீக்கர் வாங்கினால் சோதிக்கவும், டிரம்ஸ் வாசிக்க வரும் பையன்களுக்குப் போட்டுக்காட்டவும், வேலை முடிந்து காது களைத்த இரவுகளில் சும்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிட்டால் பிற்பாடு பேசுவது எளிது. ப்ளூஸில் ‘ஷஃபிள்’ என்று ஒரு நடை உண்டு. நம் கணக்கில் அது திஸ்ரம். ஒவ்வொரு அடியும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரியும். அதில் நடுவிலிருக்கும் ‘கி’யை வாசிக்காமல் விட்டுவிட வேண்டும். த... ட, த... ட என்று மிச்சமிருப்பதுதான் ஷஃபிள். கேட்கிறவன் காலை ஆட்டவைப்பது வாசித்த ‘த’வோ ‘ட’வோ கிடையாது, வாசிக்காத அந்த ‘கி’. மிருதங்கக்காரரிடம் சொன்னால் உடனே தலையாட்டுவார். ஸீஸீ டாப்பின் நல்ல தட்டுகளெல்லாம் அந்தக் ‘கி’யைக் காலியாக வைத்திருக்கும் தட்டுகள்.

மூன்று பேர் மட்டும் இருக்கும் குழுவில் காலி இடம் என்பது பெரிய தொல்லை. கீபோர்டு கிடையாது, இரண்டாவது கிடார் கிடையாது. கிடார்காரர் ஸோலோ வாசிக்கப் போய்விட்டால் அடியில் பேஸும் டிரம்ஸும்தான். பெரும்பாலான மூவர் குழுக்கள் இதற்குப் பயந்து எல்லோரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் நேர்மாறு. டஸ்டி ஹில் வேர் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கிக் டிரம்மோடு ஒட்டிக்கொள்வார். அவருடைய பேஸில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. அந்தக் கரகரப்புத்தான் கிடார் இல்லாத நேரத்தில் நடுப்பகுதி அதிர்வெண்களை நிரப்பும். கிப்பன்ஸின் கிடாரைக் கேட்டால் கயிறு மாதிரி தடித்த கம்பி போட்டிருக்கிறார் என்று தோன்றும். உண்மையில் அவர் போடுவது மெல்லியதிலும் மெல்லியது, முதல் கம்பி 7 கேஜ். எதற்கு இப்படிக் கஷ்டப்பட்டு வாசிக்கிறாய் என்று பி.பி. கிங் கேட்ட பிறகே மெல்லிய கம்பிக்கு மாறியதாகக் கிப்பன்ஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிடார் தடிமனாகக் கேட்பதற்குக் காரணம் மற்ற இருவரும் அதற்கு விட்டுக்கொடுக்கும் இடம்.

முதல் ஆல்பம் 1971 ஜனவரியில் வந்தது. பெயரே ‘ஸீஸீ டாப்ஸ் ஃபர்ஸ்ட் ஆல்பம்’. பதிவு செய்த இடம் டெக்ஸஸின் டைலர் நகரில் ராபின் ஹூட் பிரையன்ஸ் என்பவரின் ஸ்டுடியோ. தயாரிப்பாளரும் மேனேஜருமான பில் ஹாம் கறாரான ஆள். மூன்று பேர் மேடையில் வாசிப்பது எப்படியோ அப்படியே தட்டிலும் வரவேண்டும், மேலே ஒட்டவைக்கும் ஓவர்டப் வேலையெல்லாம் கூடாது என்பது அவர் சட்டம். அவரைச் சாப்பாடு வாங்க வெளியே அனுப்பிவிட்டு, ஸ்ருதியை மயிரிழை விலக்கி அதே கிடாரை இன்னொரு முறை பதிந்து இரண்டையும் சேர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. திரும்பி வந்தவருக்கு அந்த ஒலி பிடித்துப்போயிற்றாம். ஸ்டுடியோக்காரர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான். அந்தத் தட்டில் பியர்டின் பெயர் ‘ரூப் பியர்ட்’ என்று அச்சாகியிருக்கும். டிரம்ஸ் ஒலி சற்று அட்டைப்பெட்டி வாசம்தான், ஆனாலும் ‘கி’ காலியாக இருக்கிறது.

1972-இல் ‘ரியோ கிராண்ட் மட்’. அதில் ‘ஜஸ்ட் காட் பெய்ட்’ ஒன்று போதும். பீட்டர் க்ரீன் இருந்த காலத்து ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ஓ வெல்’ பாட்டின் கிடார் வரியைக் கேட்டு, அதைப்போல் ஒன்று வேண்டும் என்று முயன்றதில் பிறந்தது என்று கிப்பன்ஸே ஒப்புக்கொள்கிறார். இங்கிலாந்துக்காரர்கள் அமெரிக்க ப்ளூஸைக் கடன் வாங்கினார்கள், டெக்ஸஸ்காரர் அதை அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ‘ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்’. டைலரில் ஒரு பகுதி, மெம்பிஸ் நகரின் ஆர்டென்ட் ஸ்டுடியோவில் ஒரு பகுதி என்று வேலை நடந்தது. டெரி மேனிங் என்ற எஞ்சினியர் இங்கேதான் உள்ளே வருகிறார். தட்டின் உறையைப் பிரித்தால் உள்ளே முழு அகலத்துக்கு மெக்ஸிகோ சாப்பாடு: சீஸ் வழியும் தட்டு, பீர், மிளகாய். பசியோடு கேட்கக்கூடாத தட்டு.

முதல் பக்கம் ‘வெய்ட்டின் ஃபார் த பஸ்’ பாட்டோடு தொடங்குகிறது. அது முடிந்த நொடியிலேயே, மூச்சுவிட இடமில்லாமல், ‘ஜீஸஸ் ஜஸ்ட் லெஃப்ட் சிகாகோ’ வந்து விழுகிறது. இரண்டும் தனித்தனியாக எழுதிய பாட்டுகள். வரிசைப்படுத்தும்போது டேப்பைச் சற்று நெருக்கி வெட்டி ஒட்டிவிட்டதால் இப்படி ஆயிற்று என்கிறார் கிப்பன்ஸ். கேட்டுப் பார்த்தவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றுவரை அமெரிக்க வானொலிகள் இரண்டையும் சேர்த்தே போடுகின்றன. அந்த ஒட்டை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. முதல் பாட்டு ஹார்மோனிகாவோடு நிமிர்ந்த நடையில் போகும். இரண்டாவது பாட்டு மெதுவான திஸ்ரம். இடைவெளி விட்டிருந்தால் இரண்டு பாட்டாகத்தான் இருந்திருக்கும். விடாததால், நடந்துகொண்டிருந்த ஆள் சட்டென்று தளர்ந்து சுவரில் சாய்வதுபோல் நடை மாறுவது உடம்பிலேயே தெரிகிறது. ஸ்ருதி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஒட்டு உறுத்தவில்லை. பிளேடால் டேப் வெட்டிய காலத்தில் கைதவறிக் கிடைத்த வரம் இது. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு பாட்டுக்கு நடுவே இரண்டு நொடி தானாகவே விழுந்துவிடுகிறது.

அதே தட்டில்தான் ‘லா கிரேஞ்ச்’ இருக்கிறது. டெக்ஸஸில் லா கிரேஞ்ச் என்ற ஊரை ஒட்டி ‘சிக்கன் ரேஞ்ச்’ என்று பல காலமாக நடந்துவந்த விலைமாதர் விடுதியைப் பற்றிய பாட்டு. பாட்டு வெளிவந்த அதே 1973-இல், ஹூஸ்டன் தொலைக்காட்சி நிருபர் ஒருவர் அதை அம்பலப்படுத்தி இழுத்து மூடவைத்தார். பாட்டில் வரிகள் கொஞ்சம்தான். அதிகமும் முனகலும் கனைப்பும்.

இந்தப் பாட்டின் முதல் அரை நிமிடத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிடார் தனியாகத் தொடங்குகிறது. உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி வாசிக்கும் வறட்டு ஒலி. கூடவே பியர்ட் ஸ்னேரின் தோலை அடிக்காமல், குச்சியால் விளிம்பை மட்டும் தட்டுகிறார். டக், டக். பேஸ் இல்லை. குரல் பாதி பேச்சு. இவ்வளவு சன்னமாக வைத்துவிட்டு, பியர்ட் ஒரு உருட்டு உருட்டியதும் முழுக்குழுவும் விழுகிறது. புதிதாகக் கேட்பவர்கள் இந்த இடத்தில் ஒலி பல மடங்கு கூடியதாக நினைப்பார்கள். மீட்டரைப் பார்த்தால் அவ்வளவு இல்லை. முன்னால் எல்லாம் காலியாக இருந்ததால்தான் பின்னால் வந்தது பெரிதாகத் தெரிகிறது. ஸோலோ வரும்போது பாட்டு ‘ஏ’யிலிருந்து ‘சி’க்குத் தாவுகிறது, பிறகு ‘ஏ’க்கே வீடு திரும்புகிறது. கிப்பன்ஸ் கட்டைவிரல் சதையைக் கம்பியில் உரசவிட்டு எழுப்பும் கீச்சொலிகள் பாட்டு தேய்ந்து மறையும்வரை தொடர்கின்றன. பலரும் அந்தக் கீச்சொலியைப் பயில வருவார்கள். விளிம்புத் தட்டலைப் பயில வருகிறவர்கள் குறைவு.

இப்போது ஒரு கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 அடி. ஓர் அடிக்கு 375 மில்லிசெகண்ட். அதை மூன்றாகப் பிரித்தால் ‘த’, ‘கி’, ‘ட’ ஒவ்வொன்றுக்கும் 125. அதாவது, ஸ்னேர் அடி ஒன்று விழுந்து எட்டில் ஒரு நொடிக்குள் அடங்கிவிட்டால்தான் ‘கி’ காலியாக இருக்கும். 1973-இல் அமெரிக்க ஸ்டுடியோக்களில் டிரம் தோலின்மேல் துணியோ டேப்போ ஒட்டி ஓசையை அடக்குவது பொதுவான பழக்கம். அறைகளும் சுவரெல்லாம் மெத்தை வைத்த அறைகள். அந்த வறட்சியைப் பிற்காலத்தில் பலர் பழித்தார்கள். இந்தப் பாட்டுக்கு அந்த வறட்சிதான் உயிர். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள், 1987-க்கு வரும்போது தேவைப்படும்.

‘லா கிரேஞ்ச்’ நீதிமன்றம்வரை போன பாட்டும்கூட. ஜான் லீ ஹூக்கர் 1948-இல் பதிவு செய்த ‘பூகி சில்லன்’ பாட்டிலிருந்து எடுத்தது என்று அதன் உரிமை வைத்திருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இசைத்தட்டை விற்றாலே பாட்டு ‘வெளியிடப்பட்டதாக’ அர்த்தம், எனவே ஹூக்கரின் 1948 பாட்டு உரிமைக்காலம் முடிந்து பொதுச்சொத்தாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க இசைப் பதிப்பாளர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. 1978-க்கு முன் வந்த தட்டுகள் அப்படி ‘வெளியீடு’ ஆகாது என்று 1997-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தையே திருத்தியது. வழக்கும் சமரசத்தில் முடிந்தது. என்னைக் கேட்டால், அந்த பூகி தாளம் ஹூக்கருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஹூக்கரின் பதிவில் டிரம்ஸ் கிடையாது. அவர் கிடார் வாசித்துக்கொண்டே காலால் பலகையில் தட்டுவார். அந்தக் காலின் இடத்தில் பியர்டின் குச்சி வந்தது. கடன் எவ்வளவு, சொந்தம் எவ்வளவு என்று பிரிப்பது நீதிபதிகளுக்கே கஷ்டமாக இருந்தது என்றால் நான் எம்மாத்திரம்.

1975-இன் ‘ஃபண்டாங்கோ’வில் ஒரு பக்கம் மேடைப் பதிவு, மறுபக்கம் ஸ்டுடியோ. மேடைப் பக்கம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஸ்டுடியோப் பக்கத்தில் டஸ்டி பாடும் ‘டுஷ்’ இருக்கிறது, ‘ப்ளூ ஜீன் ப்ளூஸ்’ இருக்கிறது. ‘ஹெர்ட் இட் ஆன் த எக்ஸ்’ இருக்கிறது; ரியோ கிராண்ட் ஆற்றுக்கு அப்பால் மெக்ஸிகோ மண்ணிலிருந்து ஒலிபரப்பிய, ‘எக்ஸ்’ எழுத்தில் பெயர் தொடங்கும் வானொலிகளுக்கு நன்றி சொல்லும் பாட்டு. அமெரிக்கச் சட்டம் 50,000 வாட்டுக்கு மேல் அனுமதிக்காதபோது அந்த நிலையங்கள் அதைப்போல் பல மடங்கு சக்தியில் கத்தின. டெக்ஸஸ் பையன்கள் ராத்திரியில் ப்ளூஸ் கேட்டு வளர்ந்தது அதனால்தான். ‘ப்ளூ ஜீன் ப்ளூஸ்’ மூன்று பேர் இவ்வளவு மெதுவாக வாசிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று காட்டும் பதிவு. மெதுவாகப் போகப்போகக் காலி இடம் பெரிதாகும், தப்பு செய்தால் ஒளிய மறைவே இல்லை.

1976-இன் ‘டேஹாஸ்’ சுமார். அந்தச் சமயத்தில் மாடு, எருமை, கழுகு, பாம்பு எல்லாவற்றையும் மேடையேற்றி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். களைப்பு தட்டில் தெரிகிறது. பிறகு நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில்தான் கிப்பன்ஸுக்கும் டஸ்டிக்கும் தாடி வளர்ந்தது. டஸ்டி டல்லஸ் விமான நிலையத்தில் சாதாரண வேலைக்குப் போனார், சும்மா இருக்கப் பிடிக்காமல்.

1979-இல் வந்த ‘டிகுவெய்யோ’வைத்தான் நான் யாருக்கும் முதலில் சிபாரிசு செய்வேன். புதிய கம்பெனி வார்னர், பழைய மெம்பிஸ் ஸ்டுடியோ. முதல் பாட்டு ‘ஐ தேங்க் யூ’, சாம் அண்ட் டேவ் அதே மெம்பிஸில் பதிவு செய்து 1968-இல் வந்தது. மூலத்தில் ஊதுகருவிகள் எல்லாம் இருக்கும். இவர்கள் அதை எலும்பும் தோலுமாக உரித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வேறு பாட்டுகளுக்கு ஸாக்ஸஃபோன் தேவைப்பட்டபோது ஆள் கூப்பிடாமல் மூவரும் தாங்களே கற்றுக்கொண்டு ஊதினார்கள். வித்வத் கொஞ்சம், ஆனால் மூவரின் தாள உணர்வு ஊதலிலும் அப்படியே இருக்கிறது. ‘சீப் சன்கிளாஸஸ்’ பாட்டில் ஸ்னேர் வருவதைக் கேளுங்கள். அடியின் உச்சந்தலையில் விழாமல், ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. கிளிக் டிராக் வைத்து வாசித்தால் இது வராது. டிரம்ஸ் பையன்களுக்கு நான் இதைப் போட்டுக்காட்டும்போது சிலர் ‘லேட்டாகுது சார்’ என்பார்கள். இன்னும் நாலு முறை கேட்கச் சொல்வேன். ‘ஐயம் பேட், ஐயம் நேஷன்வைட்’ இன்னொன்று. எந்த வாத்தியமும் இன்னொன்றின் காலை மிதிக்காத மிக்ஸ். ஃபேடரில் கை வைக்கத் தோன்றாத சில ஒலிப்பதிவுகள் உலகில் உண்டு, இது அதில் ஒன்று.

1981-இன் ‘எல் லோகோ’வில் சிந்தசைஸர் எட்டிப்பார்த்தது. 1983 மார்ச்சில் ‘எலிமினேட்டர்’ வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தட்டு. எம்டிவியில் சிவப்புக் கார், சாவிக்கொத்து, பெண்கள். பியர்டின் வீட்டு ஸ்டுடியோவில் லிண்டன் ஹட்சன் என்ற எஞ்சினியர் கிப்பன்ஸோடு சேர்ந்து ஆரம்ப வேலைகளைச் செய்தார். வெற்றிபெற்ற பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டியே இருக்கின்றன என்று கணக்கெடுத்துச் சொன்னவர் அவர். ‘கிம்மி ஆல் யுவர் லவின்’ அந்த வேகம்தான். ‘ஷார்ப் டிரெஸ்டு மேன்’ கொஞ்சம் கூட. ஆல்பத்தில் அவருடைய பெயர் இல்லை. ‘தக்’ பாட்டின் உரிமைக்காகப் பின்னர் அவர் சட்டப்படி போராடிப் பணம் பெற்றார். மெம்பிஸில் மேனிங் கையில் டிரம் மெஷினும் ஸீக்வென்ஸரும் கலந்து தட்டு முடிந்தது.

ப்ளூஸ் பக்தர்கள் இன்றுவரை இந்தத் தட்டை மன்னிக்கவில்லை. நான் அவர்கள் பக்கம் இல்லை. டிரம்ஸை நிறுத்திவிட்டுக் கிடாரை மட்டும் கேட்டால், ‘ஷார்ப் டிரெஸ்டு மேன்’ ஸோலோக்கள் முழு ப்ளூஸ். ஸ்லைடு, வளைப்பு, நிறுத்தம் எல்லாம் டெக்ஸஸ். நடுவில் ‘ஐ நீட் யூ டுநைட்’ என்று மெதுவான ஒரு பாட்டும் உண்டு. இயந்திரங்கள் சூழ ஒரு ஆள் தனியாக அழுவது. மாறியது நடை. ‘தகிட’ போய், அடி நான்காகப் பிரியும் ‘தகதிமி’ வந்தது. நேர்நடைப் பாட்டுகளில் வாசிக்காத ‘கி’ என்று ஒன்று கிடையாது. எனவே ஸ்னேர் எவ்வளவு பெரிதாக முழங்கினாலும் நடை கெடாது. அந்த ஒலி அந்தப் பாட்டுகளுக்குப் பொருந்தியது. 1985-இன் ‘ஆஃப்டர்பர்னர்’ அதையே அளவுக்கு மீறிச் செய்தது. ‘ரஃப் பாய்’ தவிர அதில் நான் திரும்பப் போகும் பாட்டு இல்லை.

எண்பதுகளின் ஸ்னேர் ஒலிக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1980 வாக்கில் லண்டனில், பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது, எஞ்சினியர் ஹியூ பேட்கம் அந்த வித்தையைக் கண்டார். பெரிய அறையின் எதிரொலியை முழுச் சத்தத்தில் வரவிட்டு, அது தானாகத் தேய்வதற்குள் ‘கேட்’ கருவியால் கத்தரித்துவிடுவது. பீரங்கி வெடித்து உடனே கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும். அடுத்த ஐந்தாறு வருடம் உலகத்தில் அந்த ஒலி இல்லாத ஸ்னேர் கிடைப்பது கஷ்டம். நம் சினிமாப் பாட்டிலும் எண்பதுகளின் கடைசியில் அது புகுந்தது.

சிடி வந்தது. பழைய ஆல்பங்களைச் சிடியாக விற்க வேண்டும். 1987-இல் ‘த ஸிக்ஸ் பேக்’ என்று மூன்று சிடியில் ஆறு ஆல்பங்கள் வெளியாயின: முதல் ஐந்தும் ‘எல் லோகோ’வும். ‘எலிமினேட்டர்’ கேட்டுவிட்டு வருகிற புதுக் காதுக்குப் பழைய ஒலி வறட்சியாகத் தெரியுமே என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். பழைய டேப்புகளை எடுத்து மறுபடி மிக்ஸ் செய்து, பியர்டின் டிரம்ஸ்மேல் அந்தக் காலத்து டிஜிட்டல் ஒலியும் எதிரொலியும் ஏற்றிவிட்டார்கள். ‘டிகுவெய்யோ’ எப்படியோ தப்பித்தது.

முன்பு போட்ட கணக்கை இப்போது எடுங்கள். கத்தரித்த எதிரொலி சாதாரணமாகக் கால் நொடி நிற்கும், 250 மில்லிசெகண்ட். ‘லா கிரேஞ்ச்’ பாட்டில் ‘கி’க்கு இடம் 125. எனவே ‘த’ விழுந்ததும் அதன் முழக்கம் ‘கி’யைக் கடந்து ‘ட’ வரைக்கும் போய் முட்டுகிறது. வாசிக்காத எழுத்தைக் கருவி வாசித்துவிட்டது. ஷஃபிள் செத்தது. பியர்ட் அதே வாசிப்பைத்தான் வாசித்திருக்கிறார். ஓர் அடிகூட மாறவில்லை. ஆனால் மாடிப்படி ஏறுகிற ஒருவன் காலில் மணல் மூட்டை கட்டியதுபோல் பாட்டு தள்ளாடுகிறது. ‘ஜீஸஸ் ஜஸ்ட் லெஃப்ட் சிகாகோ’ மெதுவான பாட்டு என்பதால் அங்கே முழக்கம் முட்டிக்கொள்ளாது. ஆனால் வேறு கேடு. சின்ன மதுக்கடையில் மூன்று பேர் வாசிப்பதுபோலிருந்த பாட்டு, ஆளில்லாத விளையாட்டு அரங்கத்தில் வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. பேஸின் கரகரப்பு எதிரொலிக்குள் கரைந்துவிட்டது. கிடாருக்கு மற்ற இருவரும் விட்டுக்கொடுத்த இடத்தில் எல்லாம் வெறும் காற்று வந்து உட்கார்ந்துகொண்டது.

தொழில் தெரிந்தவர்கள் செய்த வேலைதான் இது. கருவிகளும் அன்றைக்கு விலை உயர்ந்தவை. தகதிமிக்குச் செய்த ஒலியைத் தகிடவுக்குப் போட்டார்கள், அவ்வளவுதான் பிழை. ஆனால் இதன் பலன் சாதாரணமில்லை. பல வருடங்களாகக் கடையில் கிடைத்த சிடிக்கள் இந்த மிக்ஸ்தான். தொண்ணூறுகளில் இந்தக் குழுவைக் கண்டுபிடித்த ஒரு தலைமுறை முழுக்க, 1973-இன் பாட்டை 1987-இன் டிரம்ஸோடு கேட்டு வளர்ந்தது. எல்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே உண்மை தெரியும். 2003-இல் வந்த பெட்டித் தொகுப்பில் சில பழைய மிக்ஸ்கள் திரும்பின. 2006-இல் ‘ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்’, ‘ஃபண்டாங்கோ’ இரண்டும் மூல மிக்ஸோடு மறுபடி வந்தன. கடைசியாக 2013-இல், முதல் பத்து ஆல்பங்களின் பெட்டியில்தான் எல்லாமே பழைய நிலைக்கு வந்தன. இருபத்தாறு வருடம்.

எங்கள் தொழிலில் ‘பழைய பாட்டைப் புதுசா ஆக்கிக் கொடுங்க’ என்று வருகிறவர்கள் அதிகம். செய்யலாம், தப்பில்லை. ஆனால் எந்த நடை, எந்த வேகம், அடிக்கும் அடிக்கும் நடுவில் எத்தனை மில்லிசெகண்ட் என்று முதலில் கணக்குப் போடாமல் நான் ரிவெர்ப் என்ற எதிரொலிக் கருவியின் பக்கம் கையைக் கொண்டுபோவதில்லை. அந்த 1987 சிடிதான் அதைக் கற்றுக்கொடுத்தது என்றால் பொய்யில்லை.

1990-இன் ‘ரீசைக்ளர்’ பாதி இயந்திரம், பாதி மனிதர்கள். ‘மை ஹெட்ஸ் இன் மிஸிஸிப்பி’ பாட்டில் மனிதர்கள் ஜெயிக்கிறார்கள். அதன் பிறகு வந்த நான்கு ஆல்பங்களில் 1996-இன் ‘ரித்மீன்’ ஒன்றைத்தான் முழுதாகக் கேட்கச் சொல்வேன். கிடார் அடிமட்டத்தில் உறுமுகிறது, டிரம்ஸ் மறுபடி தோல் வாசம் வீசுகிறது. ‘மெஸ்கலேரோ’ ரொம்ப நீளம்.

ஒன்பது வருட இடைவெளிக்குப் பின் 2012-இல் ரிக் ரூபின் தயாரிப்பில் ‘லா ஃப்யூச்சுரா’. அதன் முதல் பாட்டு ‘ஐ காட்ஸ்டா கெட் பெய்ட்’, ஹூஸ்டன் ராப் பாடகர்கள் தொண்ணூறுகளில் போட்ட ‘25 லைட்டர்ஸ்’ பாட்டின் ப்ளூஸ் வடிவம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் ஊர்ப் பையன்களின் ராப்பை எடுத்து, ஹூக்கர் பாட்டு மாதிரி ஆக்கிவிட்டார்கள். ரூபின் எதிரொலியை ஏறக்குறைய அறவே எடுத்துவிட்டார். கிடார் அழுக்காக இருக்கிறது, ஸ்னேர் முகத்துக்கு நேரே விழுகிறது. இந்தக் குழுவைக் குழுவாகவே இருக்கவிட்டால் போதும் என்று புரிந்துகொண்ட தயாரிப்பு.

2019-இல் இவர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காக, டெக்ஸஸில் 1878-இல் கட்டிய க்ரீன் ஹால் என்ற நடனக்கூடத்தில் மூவரும் மட்டும் உட்கார்ந்து பழைய பாட்டுகளை வாசித்தார்கள். டஸ்டி இறந்த மறு ஆண்டு, 2022 ஜூலையில், அது ‘ரா’ என்ற ஆல்பமாக வந்தது. மேடையில் பேஸை இப்போது எல்வுட் ஃப்ரான்ஸிஸ் வாசிக்கிறார், முன்பு குழுவுக்குக் கிடார் பராமரித்துக்கொண்டிருந்தவர். ‘ரா’வில் இருப்பது டஸ்டிதான். மரத்தரை, மரக்கூரை. அறை கொஞ்சம் பேசுகிறது, ஆனால் எல்லை மீறவில்லை. கிப்பன்ஸின் குரல் இன்னும் தடித்துவிட்டது. பியர்டின் ஸ்னேர் 1973-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். பழைய சிடியோ, யாராவது காப்பி செய்து தரும் ஃபைலோ கிடைத்தால், ‘லா கிரேஞ்ச்’ பாட்டை ஹெட்ஃபோனில் போடுங்கள். முழு டிரம்ஸும் வந்த பிறகு வாய்க்குள் ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். ‘கி’ சொல்லும் நேரத்தில் ஸ்னேர் அடங்கியிருந்தால் தைரியமாகக் கேளுங்கள். முழங்கிக்கொண்டிருந்தால் அது 1987; கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, 2006 பதிப்பையோ 2013 பெட்டியையோ தேடுங்கள்.